வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்றால் என் தம்பிக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலை தேடுகிறார், கிடைக்கவில்லை, நடுவில் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் உட்காருகிறார். சித்தப்பா பேப்பரைக் காட்டி, "நாட்டுல வேலையில்லாதவன் நூத்துக்கு மூணு பேர்தான், அதுல ஒருத்தனா இவன் இருந்தா தப்பு யார் மேல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்த 3.2 சதவீதம் நிஜமா, இல்லை அரசு ஜோடித்ததா என்று கேட்கிறீர்கள்.

ஜோடித்ததில்லை. ஆனால் சித்தப்பா அதை வைத்து உங்கள் தம்பியைக் கேட்டது பெரிய தப்பு, ஏனென்றால் அந்த எண்ணுக்கும் "வேலை தேடினால் கிடைக்குமா" என்பதற்கும் நேரடி சம்பந்தமே கிடையாது. இன்னொன்றும் சொல்லட்டுமா, அந்தக் கணக்கெடுப்பின் வரையறைப்படி உங்கள் தம்பி வேலையில்லாதவரே இல்லை. அவர் வேலையில் இருப்பவர். அந்த மூன்று பேரில் அவர் வரமாட்டார், மீதி தொண்ணூற்றேழு பேரில்தான் வருவார்.

இது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் சில வருடம் வீடு வீடாகப் போய் இந்த மாதிரிக் கணக்கெடுப்பு செய்தவன், படிவத்தில் எந்தக் கட்டத்தில் யார் விழுவார்கள் என்பது எனக்குக் கைப்பழக்கம்.

இந்தியாவில் இப்போது நடப்பது பி.எல்.எஃப்.எஸ். என்கிற தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017 ஏப்ரலில் தொடங்கியது. 2022-23, 2023-24 இரண்டு ஆண்டறிக்கைகளிலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வேலையின்மை 3.2% என்று வந்தது, சித்தப்பா பார்த்தது அதைத்தான். இந்த 3.2 வருவது "வழக்கமான நிலை" என்கிற அளவுகோலில். கடந்த 365 நாளில் ஒருவர் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் வேலை தேடிக்கொண்டிருந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு முடியாது, அடுத்து ஒரு கேள்வி வரும்: அந்த வருடத்தில் ஏதாவது ஒரு வேலையை 30 நாளாவது செய்தாரா? ஆமாம் என்றால் அது "துணை வேலை". முதன்மை, துணை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அவர் வேலை செய்பவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். பதினோரு மாதம் வேலை தேடி அலைந்து, ஒரு மாதம் கல்யாண சீசனில் கேட்டரிங்குக்குப் பரிமாறப் போன பையன் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவன்தான்.

இன்னொரு அளவுகோல் "நடப்பு வாரம்". கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் போதும், அந்த வாரம் முழுக்க வேலையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு ரெண்டு சாப்பாட்டு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தவரும் இதில் அடங்குவார். 2025இலிருந்து மாதாமாதம் ஒரு எண் வருகிறதே, 5 சதவீதத்தை ஒட்டி, அது இந்த வாரக் கணக்கு.

அப்புறம் சம்பளம். "வேலை" என்பதற்குக் காசு கைக்கு வந்திருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. குடும்பத்தின் கடையிலோ வயலிலோ சம்பளம் இல்லாமல் ஒத்தாசை செய்தாலும் வேலைதான், அதற்கென்றே படிவத்தில் தனிக் குறியீடு உண்டு. அப்பா கடையில் கல்லாவில் உட்காரும் உங்கள் தம்பி அந்தக் குறியீட்டில் போவார். நான் எத்தனையோ வீட்டில் இதை எழுதியிருக்கிறேன். ஒரு வீட்டில் எம்.காம். படித்த பையன், அம்மாவின் இட்லிக் கடையில் காலையில் மாவு தூக்கி வைத்து, பார்சல் கட்டிக் கொடுக்கிறான், மீதி நேரமெல்லாம் விண்ணப்பம் போடுகிறான். "எனக்கு வேலை இல்ல சார், வேலை இல்லைன்னு எழுதுங்க" என்று என்னிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னான். விதிமுறைப்படி நான் அப்படி எழுத முடியாது. குடும்பத் தொழிலில் உதவியாளர் என்றுதான் எழுதினேன். அவன் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, இப்படி ஒரு விதியை ஏன் வைத்தார்கள்? மறைக்க வேண்டும் என்று வைத்ததில்லை. ஒரு நாட்டில் உற்பத்திக்கு யாரெல்லாம் உழைப்பைக் கொடுத்தார்கள் என்று கணக்கிட வேண்டும், அதற்கு ஒரு மணி நேர உழைப்பையும் விடக் கூடாது, இந்த விதி அதிலிருந்து வந்தது. உலகம் முழுக்க இதுதான், ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982இல் வகுத்த வழி. நம் நாட்டு அறிஞர்களுக்கு இதன் குறை நன்றாகவே தெரிந்திருந்தது. பொருளாதார அறிஞர் தந்த்வாலா தலைமையிலான அரசுக் குழு 1970இலேயே சொன்னது, இந்தியா மாதிரி ஒரு நாட்டில் வேலையின்மையை ஒரே எண்ணில் அடக்க முடியாது என்று. அதனால்தான் வருடக் கணக்கு, வாரக் கணக்கு, நாள் கணக்கு என்று மூன்று அளவுகோல் வந்தன. மூன்றில் நாள் கணக்குதான் கூலிக்காரரின் வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது: ஏழு நாளையும் அரை நாள் அரை நாளாகப் பிரித்து, எத்தனை அரை நாள் வேலை இருந்தது, எத்தனை அரை நாள் சும்மா போனது என்று எண்ணுவார்கள். 2011-12இல் ஒரே மக்களிடம் ஒரே சமயத்தில் எடுத்த கணக்கில், வருட அளவுகோலில் வேலையின்மை 2.2%, நாள் அளவுகோலில் 5.6%. இரண்டரை மடங்கு. பி.எல்.எஃப்.எஸ். வந்தபோது அந்த நாள் கணக்கை வெளியிடுவது நின்றுபோனது, எனக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். வரையறையை எவ்வளவு திருத்தினாலும் தீராத சிக்கல் அது.

வேலையில்லாமல் இருப்பதற்கு வசதி வேண்டும். யோசித்துப் பாருங்கள். "எனக்கு இப்போது வேலை இல்லை, நல்லதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒருவர் ஆறு மாதம் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஆறு மாதமும் அவருக்கு யாராவது சோறு போட வேண்டும். ஒன்று அரசு போட வேண்டும், இல்லையென்றால் அப்பா. ஐரோப்பாவில் பல நாடுகளில் வேலை போனால் பழைய சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் வரும். இங்கே என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால், வருமான வரம்புக்குள் இருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பத்தாவது பாஸ் என்றால் 300. இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களுக்கு வேலை போனால் 90 நாள் வரை நிவாரணம் தரும் திட்டம் ஒன்று 2018இல் தொடங்கினார்கள், ஆனால் இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களே உழைப்பவர்களில் சின்னப் பகுதி. ஆக, சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா "இன்னிக்கு வேலை இல்ல" என்று வீட்டில் உட்கார முடியாது. மேஸ்திரி கூப்பிடவில்லை என்றால் பூ கட்டுவார், அதுவும் இல்லை என்றால் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்ப்பார். கணக்கில் அவர் எப்போதும் வேலையில் இருப்பவர்.

ஜோன் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1936இலேயே இதற்கு "மறைமுக வேலையின்மை" என்று பெயர் வைத்தார். ஆலை வேலை போன ஒருவர் லண்டன் வீதியில் நின்று தீப்பெட்டி விற்கிறார். அவர் வேலையில்லாதவர் பட்டியலில் இல்லை, ஆனால் அவர் வாழ்க்கையில் நடந்தது வேலையிழப்புதான். தீப்பெட்டிக்குப் பதிலாக இன்று செல்போன் கவர், சாலையோர ஜூஸ் வண்டி, பைக் டாக்ஸி என்று போட்டுக்கொள்ளுங்கள்.

நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஐ.எல்.ஓ. மதிப்பீட்டில் ஆப்பிரிக்காவின் நைஜரிலும் நம்மூர்ப் பக்கம் கம்போடியாவிலும் வேலையின்மை 1 சதவீதத்துக்கும் கீழே. ஸ்பெயினில் 2024இல் 11 சதவீதத்துக்கும் மேலே. இதை வைத்து ஸ்பெயின்காரர் யாரும் பிழைப்புத் தேடி நைஜருக்குப் போவதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள். 2023-24 கணக்கில் ஜார்க்கண்டில் வேலையின்மை 1.3%, மத்தியப் பிரதேசத்தில் 1%. கேரளாவில் 7.2%. தமிழ்நாடு 3.5%. இந்த எண் வேலை கிடைக்கும் வசதியைக் காட்டுவது உண்மையானால், ரயில் எந்தத் திசையில் நிரம்பி ஓட வேண்டும்? கொச்சியிலிருந்து ராஞ்சிக்கு அல்லவா ஆட்கள் போக வேண்டும்? ஆனால் தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் யார்? ஜார்க்கண்ட், பீகார், ஒடிசாப் பையன்கள்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் நின்று பார்த்தால் தெரியும், செக்கிங்கிலிருந்து அயர்னிங் வரை இந்தி பேசுகிறவர்கள். வேலையின்மை 1.3% உள்ள ஊரை விட்டு 3.5% உள்ள ஊருக்கும் 7.2% உள்ள ஊருக்கும் இரண்டு நாள் ரயிலில் வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு அந்தச் சதவீதம் ஒரு பொருட்டே இல்லை, கூலிதான் கணக்கு. கேரளாவில் எண் ஏன் அதிகம்? படித்த பிள்ளைகள் அதிகம், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிற உறவினர் உண்டு, கூலி அதிகம் என்பதால் வீட்டில் இன்னொருவர் சம்பாத்தியத்தில் பிள்ளை கொஞ்ச நாள் காத்திருக்க முடிகிறது. அங்கே வேலைப் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை, 15 முதல் 29 வயதுக்காரர்களில் சுமார் 30% வேலையின்மை என்பது கடுமையான நிலைமை. ஆனால் ஜார்க்கண்டை விட மோசம் என்று யாராவது சொன்னால் அவர் அந்த ரயிலில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

சரி, இன்னொரு கேள்வி வரும். "2017-18இல் 6.1% இருந்தது, 2023-24இல் 3.2% ஆகிவிட்டது, அளவுகோல் ஒன்றுதானே, அப்படியானால் நிலைமை முன்னேறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?" நியாயமான கேள்வி. 6.1 வந்தபோது என்ன ரகளை நடந்தது என்று ஞாபகம் இருக்கலாம். அறிக்கையை வெளியிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று 2019 ஜனவரியில் தேசிய புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள், தேர்தல் முடிந்த பிறகு மே 31ஆம் தேதிதான் அது அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அதற்கப்புறம் வருடா வருடம் இறக்கம்: 5.8, 4.8, 4.2, 4.1, 3.2.

இதில் நடுவில் உள்ள இரண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். 4.8 என்பது 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரை. 4.2 என்பது 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை. அதாவது கொரோனா ஊரடங்கு, நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த தொழிலாளர்கள், மூடிய கம்பெனிகள், இரண்டாம் அலை, எல்லாம் இந்த இரண்டு வருடத்துக்குள். அப்போதும் இந்த எண் குறைந்திருக்கிறது! 2020 ஏப்ரல்–ஜூனில் நகரங்களில் வாரக் கணக்கில் எடுத்தபோது வேலையின்மை சுமார் 21 சதவீதம். அந்த மூன்று மாதமும் 4.8 என்ற வருட எண்ணுக்குள்ளேயே அடங்கிப் போய்விட்டது, மூன்று மாதம் வேலை போனாலும் மீதி ஒன்பது மாதம் வேலை பார்த்திருந்தால் வருடக் கணக்கில் வேலையில் இருந்தவர்தானே.

அவர்கள் எங்கே போனார்கள்? ஊருக்குப் போனார்கள், அப்பாவின் வயலில் இறங்கினார்கள். விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19இல் 42.5%, 2020-21இல் 46.5%. பல வருடமாகக் குறைந்துகொண்டே வந்த பங்கு திரும்ப ஏறியது. ரெண்டு ஏக்கரை மூன்று பேர் பார்த்த இடத்தில் ஐந்து பேர் பார்த்தார்கள், விளைச்சல் அதேதான். ஐந்து பேரும் வேலையில் இருப்பவர்கள். கொரோனா போய்விட்டது, 2023-24இலும் அந்தப் பங்கு 46.1%, பழைய இடத்துக்கு இறங்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தப் பத்து வருடத்தில் வந்த வேலை எண்களிலேயே மனதை மிகவும் உறுத்துவது இதுதான்.

வேலையின் தன்மையையும் பாருங்கள். மாதச் சம்பளக்காரர்கள், அதாவது தினக்கூலியாக இல்லாமல் ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள், 2017-18இல் வேலை செய்பவர்களில் 22.8%. 2023-24இல் 21.7%. வேலையின்மை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்த அதே காலத்தில் சம்பள வேலையின் பங்கு ஏறவில்லை, லேசாக இறங்கியிருக்கிறது. ஏறியது சுயதொழில்: 52.2இலிருந்து 58.4. சுயதொழில் என்றதும் தொழில் முனைவோர், கடன் வாங்கி நாலு பேருக்கு வேலை கொடுப்பவர் என்று நினைக்க வேண்டாம். அதற்குள்ளே சம்பளமில்லாத குடும்ப உதவியாளர்கள் இருக்கிறார்கள், 2017-18இல் மொத்த உழைப்பாளர்களில் 13.6%, 2022-23இல் 18.3%. உங்கள் தம்பி, அந்த எம்.காம். பையன், மாமியார் வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், எல்லாரும் அங்கேதான்.

மருமகள் என்றேன், அதையும் சொல்ல வேண்டும். பெண்களின் பங்கேற்பு, அதாவது பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த பங்கு, 2017-18இல் 23.3%, 2023-24இல் 41.7%, ஆறு வருடத்தில். இதில் ஒரு பகுதி உண்மையான மாற்றம், சுயஉதவிக் குழுக் கடனில் தையல் மிஷினும் மாடும் வாங்கிக் கையில் காசு பார்க்கும் பெண்கள் ஏராளம், நான் நேரில் பார்த்தவை. இன்னொரு பகுதி, முன்பும் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது கொஞ்சம் துருவிக் கேட்டு எழுதுவது, அது நல்லதும்கூட. மூன்றாவது பகுதி, வீட்டு வருமானம் போதாமல் வயலில் இறங்கியது. எந்தப் பகுதி எவ்வளவு என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என் அனுபவத்தில் மூன்றாவது பகுதி சிறியதில்லை, பெண்கள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் கிராமத்தில், விவசாயத்தில், சுயதொழில் என்ற கட்டத்தில்.

வருமானமும் இதையே சொல்கிறது. அரசின் பொருளாதார ஆய்வறிக்கை 2024-25இலேயே இருக்கிறது: விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 2017-18ஐவிட 2023-24இல் சம்பளம் வாங்கும் ஆண்களின் மாத வருமானம் சுமார் 6%, சுயதொழில் செய்யும் ஆண்களின் வருமானம் சுமார் 9% குறைவு. ஆள் கிடைக்காமல் முதலாளிகள் அலைகிறார்கள் என்றால் சம்பளம் ஏறியிருக்க வேண்டுமே. சம்பளம் ஏறாமல் வேலையின்மை மட்டும் இறங்கினால் என்ன நடந்திருக்கிறது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், ஆட்கள் கிடைத்ததில் ஒட்டிக்கொண்டார்கள்.

இனி உங்கள் தம்பி மாதிரிப் படித்தவர்கள் விஷயம். ஐ.எல்.ஓ. டெல்லியின் மனித மேம்பாட்டு நிறுவனத்தோடு (ஐ.எச்.டி.) சேர்ந்து 2024இல் இந்தியா பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையின்மை 3.4%, பட்டதாரி இளைஞர்களில் 29.1%. படிக்கப் படிக்க வேலை கிடைப்பது கஷ்டமாகிறது என்று இதைச் சிலர் படிக்கிறார்கள், பாதிதான் சரி. படிக்காத பையனால் காத்திருக்க முடியாது என்பது மீதிப் பாதி. அவனுக்கும் நல்ல வேலை இல்லை, ஆனால் அவன் கல்லுடைக்கப் போய்விட்டான், கணக்கிலிருந்தும் மறைந்துவிட்டான். பட்டதாரி வீட்டில் எப்படியோ இரண்டு வருடம் தாங்குகிறார்கள், அதனால் அவன் கணக்கில் தெரிகிறான்.

"படிச்சவனுங்க பொறுக்கி எடுக்கறானுங்க, அதான் கிடைக்கல" என்பார் சித்தப்பா. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். நாலு வருடம் வீட்டை அடமானம் வைத்து மெக்கானிக்கல் படிக்க வைத்தீர்கள், இப்போது ஒரு சின்ன கம்பெனியில் பன்னிரண்டாயிரம் சம்பளத்தில், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில், பி.எஃப். கூட இல்லாமல், அதுவும் "டிப்ளமா போதும் தம்பி, பி.இ.ன்னு சொல்லாதே" என்கிற இடத்தில் கூப்பிட்டால் பையன் ஒரு நிமிடம் யோசிக்கக் கூடாதா? ஐ.டி.யிலேயே ஃப்ரெஷர் சம்பளம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிப் பத்து வருடத்துக்கும் மேலாக அப்படியே நிற்கிறது, அதற்குள் வாடகை எங்கே போய்விட்டது. வேலை என்ற பெயரில் ஏதோ ஒன்று எப்போதும் இருக்கத்தான் செய்யும். படித்த படிப்புக்கு, குடும்பம் நடத்தும் அளவுக்கு, நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு வேலை கிடைக்குமா என்பதுதானே நாம் கேட்கும் கேள்வி.

அதற்கு விடை தேர்வு மையத்து வாசலில் கிடைக்கும். 2024 டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்கு அறிவிப்பில் இருந்தவை 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். பத்தாவது படித்தால் போதும் என்ற தேர்வில் எம்.எஸ்சி.யும் பி.இ.யும் பிஎச்.டி.யும் வரிசையில். அதே வருடம் உத்தரப் பிரதேசத்தில் 60,244 காவலர் வேலைக்குச் சுமார் 48 லட்சம் பேர், வினாத்தாள் வெளியாகித் தேர்வே ரத்தாகித் திரும்ப எழுதினார்கள். உத்தரப் பிரதேசத்தின் வேலையின்மை அந்த வருடம் 3 சதவீதம்தான். விண்ணப்பித்தவர்கள் எல்லாரும் வேலையில்லாதவர்கள் இல்லை, பலர் எங்கோ வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே லட்சக்கணக்கில் ஏன் எழுதுகிறார்கள் என்பதில் பதில் இருக்கிறது, கையில் இருக்கும் வேலையை அவர்களே வேலையாக மதிக்கவில்லை.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவை வைத்து "தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்" என்று எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களும் உண்டு, அதுவும் தப்பு. நல்ல சம்பளத்தில் இருப்பவரும் சீனியாரிட்டி போய்விடக் கூடாதென்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார். சி.எம்.ஐ.இ. என்ற தனியார் நிறுவனத்தின் கணக்கில் வேலையின்மை 7, 8 என்று அதிகமாக வருமே, அது அவர்கள் வரையறை கறாரானது என்பதால். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுவதையெல்லாம் அவர்கள் அவ்வளவு எளிதாக வேலை என்று ஏற்பதில்லை. ஒருவர் பொய், ஒருவர் மெய் என்று பிரிக்க வேண்டாம்.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2025இல் வேலையின்மை 4 சதவீதச் சொச்சம்தான், ஆனால் அங்கே புதிதாகப் படித்து வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் போட்டும் பதில் வராமல் தவித்தார்கள். காரணம் எளிது. கம்பெனிகள் ஆளை வெளியே அனுப்பவும் இல்லை, உள்ளே எடுக்கவும் இல்லை. மாதாமாதம் புதிதாக ஆள் சேர்க்கும் விகிதம் 3.3% அளவுக்கு இறங்கியிருந்தது, 2013 வாக்கில் இருந்த நிலை அது, அப்போது அங்கே வேலையின்மை 7 சதவீதத்துக்கும் மேல். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் இறங்கவில்லை, எல்லாருக்கும் சீட் இருக்கிறது என்று கண்டக்டர் கணக்குச் சொல்கிறார், ஆனால் ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு வண்டி நிற்கவில்லை. வேலையின்மை விகிதம் உள்ளே இருப்பவர்களையும் வெளியே இருப்பவர்களையும் ஒரு நாள் எண்ணிச் சொல்கிறது, கதவு திறக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. நம் நாட்டில் அந்தக் கதவை முழுசாக அளக்கும் மாதக் கணக்கு கிடையாது. எத்தனை காலியிடம், ஒருவர் முதல் வேலைக்கு எத்தனை மாதம் தேடினார் என்பதைப் பெரிய அளவில் யாரும் மாதாமாதம் வெளியிடுவதில்லை. அந்த இடத்தில்தான் 3.2 வந்து உட்கார்ந்துகொண்டு எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிடுகிறது.

அடுத்த முறை அறிக்கை வரும்போது நீங்கள் முதல் பக்கத்து எண்ணை விட்டுவிட்டு உள்ளே போங்கள். மாதச் சம்பளக்காரர்கள் எத்தனை சதவீதம், அவர்களில் எழுத்துபூர்வ ஒப்பந்தமும் சம்பளத்தோடு விடுப்பும் உள்ளவர்கள் எத்தனை பேர், சம்பளமில்லாத உதவியாளர் எவ்வளவு, 15–29 வயதில் பட்டதாரிகளின் நிலை என்ன, விவசாயத்தின் பங்கு ஏறியதா இறங்கியதா, இவை எல்லாம் அதே அறிக்கையில் அட்டவணையாக இருக்கின்றன, யாரும் ஒளித்து வைக்கவில்லை. சித்தப்பாவிடம் காட்ட வேண்டுமென்றால் அதைக் காட்டுங்கள்.

தம்பி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கேட்காமலே சொல்வதற்கு மன்னிக்கவும். கணக்கெடுப்புக்காரர்கள் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவரிடமே எல்லாருடைய விவரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஒருவர் அப்பாவாக இருந்தால், பையன் சும்மா இருக்கிறான் என்று சொல்ல அவருக்கு வாய் வராது, "கடையைப் பாத்துக்கறான்" என்பார். கௌரவம்தான், நான் அவரைக் குறை சொல்லவில்லை, என் அப்பாவும் எனக்காக அப்படித்தான் சொன்னார். உங்கள் தெருவுக்கு அவர்கள் வந்தால் தம்பியையே உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். கடையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கையில் காசு வருகிறதா, வேலை தேடுகிறாரா, எவ்வளவு காலமாகத் தேடுகிறார் என்று அவரே தன் வாயால் சொல்லட்டும். படிவத்தில் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் இருக்கிறது, சொன்னால் எழுதுவார்கள்.